மணியைப் பிடித்துக் கொடுக்க நான் மனு எழுதித் தர மாட்டேன்

இது நீண்ட பதிவு. நேரம் இருப்பவர்கள் மட்டும் படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னூட்டம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 34 வருடம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள் நான். பாதிப் பாடம் படித்துவிட்டு முழு விடை எழுதுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். இங்கிலாந்தில் நடந்த உண்மைக் கதை. 2012 ஜனவரியில் லண்டனில் ரயில் தண்டவாளத்தில் ஒரு பெரிய நாய் அடிபட்டுக் கிடந்தது. யாரோ ஈவிரக்கமில்லாமல் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். ரயில் ஏறியதில் பின்னங்கால் ஒன்றும் வாலும் போய்விட்டன. விலங்கு நல அமைப்பு காப்பாற்றி அறுவை சிகிச்சை செய்தது. பிறகு ஒரு குடும்பம் தத்தெடுத்தது. அந்த வீட்டில் ஆறேழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். உடம்பின் தசைகள் எப்போதும் இறுகியே இருக்கும் ஓர் அரிய நோய் அவனுக்கு. வெளியே போகவும் புது மனிதர்களைப் பார்க்கவும் கூச்சப்பட்டவன், ஹாச்சி என்ற அந்த மூன்றுகால் நாய் வந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டு உலகத்தைப் பார்க்கப் புறப்பட்டான். 2013-இல் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இருவருக்கும் விருதுகூடக் கிடைத்தது.

காணொளியை அனுப்பியவர் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கூடவே ஒரு வரி: "மனிதனைவிட நாய் மேல் என்பதற்கு இதுவே சாட்சி." கீழே வரிசையாகக் கைகூப்பு, கண்ணீர், இதயம். நானும் ஒரு கைகூப்பு போட்டேன். மறைக்கவில்லை.

அதே நாள் மாலை ஐந்து மணிக்கு அதே செயலாளர் தம்பி என் வீட்டுக்கு வந்தார். கையில் நான்கைந்து வெள்ளைத் தாள்.

"டீச்சர், உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நகராட்சி ஆணையருக்கு ஒரு மனு எழுதித் தரணும். விஷயத்தை நான் குறிச்சு வச்சிருக்கேன். நீங்க நல்ல தமிழ்ல எழுதிட்டா போதும். 19 வீட்டுல கையெழுத்து வாங்கியாச்சு."

காபி கொடுத்துவிட்டுக் குறிப்பை வாங்கிப் படித்தேன். தெருக் கடைசி வீட்டில் இருக்கும் நொண்டி நாயைப் பிடித்துக்கொண்டு போக வேண்டுமாம். மணியைத்தான் சொல்கிறார்கள்.

மணி யார் என்று சொல்கிறேன்.

தெருக் கடைசி வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். ஒரே பையன், இப்போது 12 வயது. பிறக்கும்போது மூளைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறைந்ததால் மூளை முடக்குவாதம். கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். வலது கை எப்போதும் மூடிய முஷ்டி. பேச்சு குழறும். ஆனால் நாம் பேசுவதெல்லாம் அவனுக்குப் புரியும். கிண்டலும் புரியும், அது யாரைப் பற்றியது என்பதும் புரியும்.

2021 ஐப்பசி மழையில் வாய்க்காலோரம் ஒரு செவலைக் குட்டி கிடந்தது. ஏதோ வண்டி பின்னங்காலில் ஏறிப் போயிருந்தது. பையனின் அப்பா லோடு ஆட்டோவில் போட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். உயிர் பிழைத்தது. கால் நேராகவில்லை. இரண்டு நாளில் எங்காவது விட்டுவிடலாம் என்றுதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். பாயில் படுத்திருந்த பையன் பக்கத்தில் போய் அது ஒட்டிப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். பிறகு யாரும் அதை விட்டுவிடுவதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. அதிசயம் எதையும் எதிர்பார்த்து அடுத்த பத்திக்குப் போகாதீர்கள். பையன் எழுந்து நடக்கவில்லை. சரளமாகப் பேசவில்லை. நடந்தது சின்ன விஷயங்கள். வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒரு முறை வரும் சிறப்புப் பயிற்றுநர் வலது கையைப் பிரித்துப் பிரித்துப் பயிற்சி கொடுப்பார். இவன் வலியில் அழுது, போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அந்தப் பெண் புத்திசாலி. மணியின் முதுகின் மேல் அவன் கையை வைத்துத் தடவச் சொன்னார். தடவுவதற்கு விரலைப் பிரித்தாக வேண்டுமே! அழாமல் செய்தான். இப்போது சீப்பு பிடித்து மணிக்கு உண்ணி வாருகிற அளவுக்கு அந்தக் கை வேலை செய்கிறது. "ம" வராது அவனுக்கு. "அணி" என்று கூப்பிடுவான். நாய் திரும்பிப் பார்க்கும். தான் கூப்பிட்டு ஓர் உயிர் திரும்பிப் பார்ப்பது அவன் வாழ்க்கையில் அதுவரை அம்மா, அப்பாவைத் தவிர வேறெங்கும் நடக்காத காரியம்.

இப்போது செயலாளரின் குறிப்புக்கு வருவோம். நான்கு புகார்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இருக்கும் நியாயத்தை மறைக்க மாட்டேன்.

முதல் புகார்: குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அச்சுறுத்தல். 

நாய்க்கடி சாதாரண விஷயம் என்று நான் சொல்லவே மாட்டேன். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. கடிபடுகிறவர்களில் குழந்தைகள் அதிகம். என் வகுப்பில் ஒரு பையனைத் தெருநாய் கடித்து, வீட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். நானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். இதைப் படிக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன். கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருத்துவர் சொல்லும் நாட்களில் ஊசியை முழுசாகப் போட்டு முடியுங்கள். அரசு மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை. 

ஆனால் மணி யாரைக் கடித்தது? செயலாளரிடம் கேட்டேன். "கடிக்கல டீச்சர். கடிச்சிட்டா?" என்றார். மணிக்கு வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டை இருக்கிறது. கருத்தடை ஆகிவிட்டது. இரவில் வீட்டுக்குள் கட்டியிருக்கும். அதே சமயம், எங்கள் தெருவில் வீட்டுக்குள் வளரும் மூன்று உயர்சாதி நாய்களில் ஒன்று போன வருடம் பால்காரரைக் கடித்தது. அதன் மேல் மனு இல்லை. அந்த வீட்டில் கார் இருக்கிறது.

இரண்டாவது புகார்: மணிக்கணக்கில் குரைத்து அமைதியைக் கெடுக்கிறது. சான்றாக ஒரு தேதியும் குறித்திருந்தார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் விடாமல் குரைத்ததாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். குரைப்புச் சத்தம் தாங்கவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் பூ வாங்கும்போதுதான் விஷயம் தெரிந்தது. அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறாள். பையன் சக்கர நாற்காலியிலிருந்து சரிந்து, வாசற்படியில் தலை கீழாகத் தொங்கிக்கொண்டு கிடந்திருக்கிறான். கத்தக்கூட முடியவில்லை. மணி கட்டியிருந்த இடத்திலிருந்து குரைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 23 வீடு உள்ள தெரு. ஒருத்தரும் என்ன ஏது என்று எட்டிப் பார்க்கவில்லை. அம்மா திரும்பி வந்துதான் தூக்கினாள். நெற்றியில் மூன்று தையல்.

அந்தக் குரைப்பைத்தான் மனுவில் இரண்டாவது குற்றமாக எழுதச் சொல்கிறார்கள். ஜன்னலைச் சாத்திய என்னிடமே எழுதச் சொல்கிறார்கள். 

மூன்றாவது புகார்: தெருவில் அசிங்கம் செய்கிறது. இது நியாயமான புகார். அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "தினமும் அள்ளிட்டுத்தான் இருக்கேன் டீச்சர், தையல் அவசரத்துல ரெண்டு நாள் விட்டுப்போச்சு. இனிமே நடக்காது" என்றாள். இதற்கு ஒரு வார்த்தை போதும். ஆணையர் வரை போக வேண்டியதில்லை.

நான்காவது புகார்தான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. செயலாளரின் குறிப்பில் உள்ளபடியே தருகிறேன்: "மேற்படி நாயை வைத்திருக்கும் சிறுவன் ஊனமுற்றவன் என்பதால் நாயைக் கட்டுப்படுத்த இயலாது."

"ஊனமுற்றவர்" என்ற சொல்லே கூடாது, "மாற்றுத்திறனாளி" என்று சொல்ல வேண்டும் என்று அரசாங்கம் மாற்றிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. துறையின் பெயரே மாறிவிட்டது. சொல்லை விடுங்கள். அந்தப் பையன் நாயைக் கட்டுப்படுத்துகிறானா இல்லையா என்று இவர்களில் யார் போய்ப் பார்த்தார்கள்? "அணி" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அது காலடியில் வந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் நாம் பத்துத் தடவை கூப்பிட்டும் செல்போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை.

நான் செயலாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, அந்த நாயோட பேர் என்ன?"

"மணி."

"அந்தப் பையனோட பேர் என்ன?"

யோசித்தார். காபி டம்ளரைப் பார்த்தார். "அந்த... ஆட்டோக்காரர் பையன்" என்றார். 

பத்து வருடமாக ஒரே தெருவில் இருக்கிறார்கள். கெட்ட மனிதரல்ல அவர். கொரோனா சமயத்தில் எனக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவர். ஆனால் தெருவில் நாயின் பெயர் தெரிந்திருக்கிறது, பிள்ளையின் பெயர் தெரியவில்லை. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். எங்கள் தெருவில் நாயைக் கண்டவர்களுக்குப் பிள்ளையைக் காணோம்.

"சுப்ரீம் கோர்ட்டே எல்லா நாயையும் பிடிக்கச் சொல்லிடுச்சே டீச்சர்" என்றார் அடுத்து. இதைப் பலரும் சொல்கிறீர்கள், ஆகவே விளக்கிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அமர்வு, தில்லியிலும் சுற்றுப் பகுதியிலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்தில் வைக்கச் சொன்னது உண்மை. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, குடற்புழு மருந்து கொடுத்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் பிடித்தவை, வெறிநோய் சந்தேகம் உள்ளவை, மூர்க்கமானவை மட்டும் விதிவிலக்கு என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றச் சொன்னது. பள்ளிக்கூட வளாகத்துக்குள் தெருநாய் வேண்டாம் என்பதை 34 வருடம் பள்ளியில் இருந்தவளாக நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் எதுவும் மணிக்குப் பொருந்தாது. மணி தெருநாயே இல்லை. அதற்கு வீடு இருக்கிறது, அட்டை இருக்கிறது, சோறு போடும் மனிதர்கள் இருக்கிறார்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய் சாகும்வரை தெருநாய்தான் என்பது உங்கள் மனதில் உள்ள சட்டம்.

இதுவரை படித்துவிட்டு "சபாஷ் டீச்சர், நாய்தான் கடவுள்" என்று பின்னூட்டம் போடத் தயாராகும் நாய்ப் பிரியர்களே, கொஞ்சம் பொறுங்கள். உங்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது.

"மனிதனைவிட நாய் மேல்" என்ற வரியைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தப் பையனுக்கு நாய் மட்டுமே நண்பன் என்பது அழகான விஷயமா? அவனுக்கு 12 வயது. அவன் வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேர் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். ஒருத்தன் பிறந்தநாளுக்குக்கூட அவனை யாரும் கூப்பிட்டதில்லை. அந்த வெற்றிடத்தை ஒரு நொண்டி நாய் நிரப்பியிருக்கிறது. அதைப் பார்த்து நாம் கண்ணீர் விடுகிறோம். வெட்கப்பட வேண்டிய இடத்தில் நெகிழ்ந்துகொண்டிருக்கிறோம். 

இதைப் பற்றி உலகத்தில் முதலில் யோசித்தவர்களில் ஒருவர் போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர். குழந்தைகளுக்கு மனநல சிகிச்சை கொடுத்தவர். அவரிடம் யாருடனும் ஒட்டாத ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். அறையில் தற்செயலாக அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. அந்தப் பிள்ளை டாக்டரைச் சட்டை செய்யவில்லை, நாயிடம் போனது. லெவின்சன் அவசரப்படவில்லை. நாயோடு விளையாட விட்டார். பிறகு தானும் அந்த விளையாட்டில் மெல்லச் சேர்ந்துகொண்டார். 1962-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். அறிஞர்கள் பலர் அன்று அவரைக் கேலி செய்தார்கள். இன்று பல நாடுகளில் நாயை வைத்துச் சிகிச்சைக்குத் துணை செய்கிறார்கள். நம் சென்னையிலேயே புளூ கிராஸ் அமைப்பு 'டாக்டர் டாக்' என்ற பெயரில் பழக்கிய நாய்களைச் சிறப்புப் பள்ளிகளுக்கு அழைத்துச் சென்றிருக்கிறது.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயப் படிப்பில் எங்களுக்குக் கொஞ்சம் குழந்தை உளவியல் சொல்லிக் கொடுத்தார்கள். லெவின்சன் பெயர் அதில் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். எனக்குப் புரிந்தது இதுதான். நாய் ஒரு பாலம். பாலத்தின் மறுகரையில் லெவின்சன் என்ற மனிதர் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் பாலம் இருக்கிறது. மறுகரையில் 23 சாத்திய கதவுகள். பாலத்தையே இடிக்கத்தான் இப்போது மனு.

காணொளியில் வந்த ஹாச்சியையும் இப்படிப் பாருங்கள். தண்டவாளத்திலிருந்து ஒரு நாய் தானாக அந்தப் பையனிடம் வந்து சேரவில்லை. தூக்கியவர்கள், அறுவை செய்தவர்கள், இடையில் வைத்துப் பராமரித்தவர்கள், தத்தெடுத்தவர்கள் எல்லாரும் மனிதர்கள். அவர்களை விட்டுவிட்டு "மனிதனைவிட நாய் மேல்" என்று எழுதுவது நன்றி கெட்ட பேச்சு. இன்னொன்று. ஹாச்சி 2016-இல் இறந்துவிட்டது. நாயின் ஆயுள் அவ்வளவுதான். மணியும் இன்னும் ஆறேழு வருடத்தில் போய்விடும். அப்போது அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது. அப்போது யாரைப் பார்த்து "அணி" என்று கூப்பிடுவான்?

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டுச் சிறப்புக் குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுபோய்ப் பரிசாகக் கொடுக்காதீர்கள். நாயைக் கண்டால் நடுங்கும் பிள்ளைகள் உண்டு. குரைப்புச் சத்தமே தாங்காத பிள்ளைகள் உண்டு. எங்கே கடித்தது என்று சொல்லத் தெரியாத பிள்ளையிடம் தடுப்பூசி போடாத நாயை விடுவது பெரிய ஆபத்து. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பிள்ளைக்குப் பிடித்திருக்க வேண்டும். நாய்க்கும் பொறுமை இருக்க வேண்டும். கால்நடை மருத்துவரையும் பிள்ளையின் மருத்துவரையும் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

2018 ஜூன் மாதம். நான் ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. ஒன்றாம் வகுப்பு என்னிடம். 39 பிள்ளைகள். இந்த அம்மா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு சேர்க்கைக்கு வந்தாள். ஐந்து வயது. எச்சில் வடிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சொன்னேன்: "இத்தனை பிள்ளைங்களுக்கு நடுவுல இவனை யாரும்மா பாத்துக்கிறது? ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடு. அதான் இவனுக்கு நல்லது." 

ஸ்பெஷல் ஸ்கூல் 28 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பஸ்ஸில் ஏற்றி இறக்க ஆள் இல்லை. அவள் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பையனை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்துவிட்டது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முந்தைய 1995 சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, புதியதில் 21. நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. எந்தப் பள்ளி என்பது அவர்கள் விருப்பம், ஆசிரியையின் விருப்பமல்ல. கல்வி உரிமைச் சட்டம் அதற்கு முன்பே 2009-இல் வந்தது. அந்த அம்மாவை நான் திருப்பி அனுப்பிய அன்று, சட்டப்படியும் தவறு செய்தேன், மனசாட்சிப்படியும் தவறு செய்தேன். பயிற்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டத்தைப் பற்றிக் குறிப்பு எடுத்தவள் நான். நோட்டுப் புத்தகம் இன்னும் பரணில் இருக்கிறது.

இப்போது அவன் வீட்டுவழிக் கல்வியில் இருக்கிறான். பக்கத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் இருக்கிறது. வகுப்பறையில் அவன் இடம் இல்லை. நான் அன்று உள்ளே விட்டிருந்தால் அவனுக்கு 39 பேர் பழகியிருப்பார்கள். அதில் நான்கு பேராவது இன்றைக்கு அந்த வாசலில் வந்து நின்றிருப்பார்கள். நான் மூடிய கதவின் வெளியே அவனுக்குத் துணைக்கு வந்தது மணி. அந்த மணியைப் பிடித்துக் கொடுக்க நான் மனு எழுதினால், ஒரே பிள்ளைக்கு இரண்டு முறை கேடு செய்தவள் ஆவேன்.

ஆகவே செயலாளரிடம் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "எழுதித் தர மாட்டேன் தம்பி. வேற யாராவது எழுதி நீங்க கொடுத்தீங்கன்னா, அதுக்குப் பதில் மனு நான் எழுதுவேன். அதையும் முத்து முத்தாத்தான் எழுதுவேன்" என்றேன். கொஞ்சம் கோபித்துக்கொண்டு போனார். காபியைப் பாதியில் வைத்துவிட்டார்.

எங்கள் தெருக்காரர்கள் பலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு என் கோரிக்கைகள்:

1. மனுவைக் கைவிடுங்கள். கையெழுத்துப் போட்டவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மணியால் தொந்தரவு இருந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டி நேரில் சொல்லுங்கள். தட்டினால் திறக்கிற கதவுதான் அது.

2. அந்த வீட்டு வாசற்படியில் ஒரு சாய்தளம் கட்டுவோம். கொத்தனாரிடம் விசாரித்துவிட்டேன், ஒரு நாள் வேலை. சங்கத்தில் விழாவுக்கு மைக் செட் வைக்கப் பணம் இருக்கிறதல்லவா? என் ஓய்வூதியத்திலிருந்து பாதி தருகிறேன்.

3. மாலையில் பையனும் மணியும் தெருவில் ஒரு சுற்று வர ஆள் வேண்டும். சக்கர நாற்காலியைத் தள்ள ஒருவர், மணியின் கயிற்றைப் பிடிக்க ஒருவர். 23 வீடு. முறை வைத்தால் ஒரு வீட்டுக்கு மாதத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் வரும். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். நாய்க்காக வருகிறவர்கள் நாய்க்காகவே வரட்டும். பரவாயில்லை. வந்தால் அவனிடம் பேசித்தான் ஆக வேண்டும்.

4. வரும் ஜூனில் அவனைப் பள்ளிக்கு நேரில் அழைத்துப் போகப் போகிறேன். வாரம் இரண்டு நாளாவது வகுப்பில் உட்காரட்டும். தலைமை ஆசிரியரிடமும் சிறப்புப் பயிற்றுநரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். மணி வாசலோடு நின்றுவிடும், அது நம் பொறுப்பு. பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பவர்கள் உடன் வாருங்கள்.

இந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் நான் போனேன். 64 வயதில் சக்கர நாற்காலி தள்ளுவது மூச்சு வாங்குகிறது. முதல் நாள் பையன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நாயையே பார்த்துக்கொண்டு வந்தான். 2018 ஜூன் மாதம் அவனுக்கு நினைவிருக்குமா என்று எனக்குள் ஒரு பயம். மூன்றாம் நாள் திரும்பி வரும்போது மணியின் கயிற்றைத் தன் இடது கையால் எடுத்து என் பக்கம் நீட்டினான். பிடித்துக்கொள்ளச் சொல்கிறான் என்று அவன் அம்மா சொன்னாள். பிடித்துக்கொண்டேன். வேறொன்றும் நடக்கவில்லை.

பையனின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. ஊருக்கெல்லாம் காட்சிப் பொருளாக்க எனக்கு விருப்பமில்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன்: கடைசி வீடு, பச்சை கேட். போய் அவனிடமே கேளுங்கள். சொல்வதற்கு அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சொல்லி முடிக்கும் வரை நில்லுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நாகரிகமாக எழுதினால் பதில் சொல்வேன். பகிர விரும்புகிறவர்கள் பகிரலாம். ஆனால் பகிர்ந்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் தெருவிலும் ஒரு கடைசி வீடு இருக்கும்.